மின்காந்த அலையும் பிள்ளைகளின் ஹார்மோனும்: கவனிக்க வேண்டிய இடம் எது?

எட்டு வயதுகூட நிறையாத பெண் குழந்தைக்கு மார்பு வளரத் தொடங்குகிறது. பதினான்கு வயதுப் பையன் இரவு ஒரு மணிவரை விழித்திருந்துவிட்டு, காலையில் நாலு முறை எழுப்பினாலும் எழுவதில்லை. இப்படி ஏதாவது நடந்தால் பெற்றோரின் மனம் செல்போன் கதிர்வீச்சின் பக்கம் ஓடுகிறது. எதிர்க் கட்டடத்து டவர், கூடத்தில் இருக்கும் வைஃபை ரௌட்டர், தலைமாட்டில் சார்ஜ் ஏறும் போன் என்று ஒவ்வொன்றின் மீதும் சந்தேகம் விழுகிறது.

சந்தேகப்படுவதில் தவறே இல்லை. வளர்கிற வயதில் எலும்பை நீட்டுவதும், பூப்பை வரவழைப்பதும், பசியையும் தூக்கத்தையும் நடத்துவதும் ஹார்மோன்கள்தான். சிக்கல் ‘கதிர்வீச்சு’ என்ற சொல்லில் இருக்கிறது. வீட்டு மின்கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலம், போனும் டவரும் அனுப்பும் ரேடியோ அலை, திரையிலிருந்து வரும் வெளிச்சம் ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். மூன்றும் மின்காந்தப் புலங்கள்தான். ஆனால் அவை உடலைத் தொடும் வழியும் அங்கே செய்யும் வேலையும் வெவ்வேறு. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால், பயத்தை எல்லாம் டவர் மேல் செலவழித்துவிட்டு, உண்மையிலேயே ஹார்மோனை அசைக்கும் ஒன்றைக் கட்டிலிலேயே விட்டுவைப்போம்.

கம்பியைச் சுற்றியுள்ள புலம்

வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 அல்லது 60 முறை (50 அல்லது 60 ஹெர்ட்ஸ்) முன்னும் பின்னுமாக ஆடுகிறது. மின்னோட்டம் ஓடும் கம்பியைச் சுற்றி அதே வேகத்தில் ஆடும் காந்தப்புலம் உண்டாகும். அதை மைக்ரோடெஸ்லாவில் அளக்கிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அறையின் நடுவே இது 0.1 மைக்ரோடெஸ்லாவை ஒட்டியோ அதற்குக் கீழோ இருக்கும். ஹேர் டிரையரைத் தலையை ஒட்டிப் பிடித்தால் சில நூறு மைக்ரோடெஸ்லாகூட வரலாம். 30 செ.மீ. தள்ளிப் போனால் அது சில மைக்ரோடெஸ்லாவுக்குள் இறங்கிவிடும். அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2010-இல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா.

ஹார்மோன் பற்றிய கவலை இந்தப் புலத்தில் இருந்துதான் தொடங்கியது. மின்சாரப் பயன்பாடு, இரவில் சுரந்து உடலைத் தூக்கத்துக்குத் தயார்படுத்தும் மெலடோனின் ஹார்மோனைக் குறைத்து, அதன் வழியாக மார்பகப் புற்றுநோயைக் கூட்டலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் 1987-இல் ஒரு கருதுகோளை முன்வைத்தார். இரவு வெளிச்சம், காந்தப்புலம் இரண்டையும் அவர் சேர்த்தே சந்தேகித்தார். அதன்பின் எலிகளில் செய்த சில சோதனைகளில் மெலடோனின் குறைந்தது, வேறு சிலவற்றில் குறையவில்லை. ஆய்வகத்தில் மனிதர்களை 20 மைக்ரோடெஸ்லா அளவுள்ள புலத்தில் இரவு முழுக்கத் தூங்கவைத்து, அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மெலடோனின் ஏறி இறங்கும் பாங்கு மாறவில்லை. கிடைத்திருக்கும் சான்றுகளின்படி இப்புலங்கள் உடல்நலத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஹார்மோன் மண்டலத்தைப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட விரிவான அறிக்கை சொல்கிறது. ஸ்டீவன்ஸ் சந்தேகித்த இரண்டில் வெளிச்சம் மட்டும் பின்னாளில் வலுவாக நிரூபணமானது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002-இல் இந்தக் காந்தப்புலத்தைப் ‘புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை’ என்ற 2பி பிரிவில் வைத்தது. சராசரியாக 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் இருந்த வீடுகளின் குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் சற்றுக் கூடுதலாகத் தெரிந்ததே காரணம். காந்தப்புலம்தான் அதை உண்டாக்கியதா என்பது முடிவாகவில்லை. இது ஹார்மோன் சங்கதி அல்ல என்றாலும் எச்சரிக்கையாக இருப்பது எளிது. படுக்கையின் தலைமாட்டுச் சுவருக்குப் பின்னால் மின் மீட்டரோ, மெயின் போர்டோ, இன்வெர்ட்டரோ இருந்தால் கட்டிலை ஒரு மீட்டர் நகர்த்திப் போடுங்கள். சுவர் தடுத்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. செங்கல்லும் கான்கிரீட்டும் காந்தப்புலத்தைத் தடுக்காது. தூரம் ஒன்றே குறைக்கும்.

ரேடியோ அலை எவ்வளவு, எங்கே போகிறது

செல்போன்கள் பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸிலிருந்து 3.5 ஜிகாஹெர்ட்ஸ் வரையிலும், வைஃபை 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளிலும் வேலை செய்கின்றன. இந்த அலைகள் திசுவில் உள்ள நீர் மூலக்கூறுகளை ஆட்டி மிகச் சிறிய அளவில் சூடாக்குகின்றன. ஒரு கிலோ திசு நொடிக்கு எவ்வளவு ஆற்றலை வாங்குகிறது என்பதுதான் போன் பெட்டியில் ‘எஸ்.ஏ.ஆர்’ என்று அச்சிட்டிருக்கும் எண். உடல் முழுவதும் கிலோவுக்கு 4 வாட் வாங்கினால் உடல் வெப்பம் ஏறத்தாழ ஒரு டிகிரி உயரக்கூடும். அதை ஐம்பதால் வகுத்து, பொதுமக்களுக்கு உடல் முழுமைக்கும் கிலோவுக்கு 0.08 வாட் என்று வரம்பு வைத்தார்கள். தலையில் ஏதாவது 10 கிராம் திசுவில் சராசரி எடுத்தால் கிலோவுக்கு 2 வாட். அமெரிக்காவில் 1 கிராம் திசுவில் சராசரி எடுத்து கிலோவுக்கு 1.6 வாட்.

பெட்டியில் உள்ள எண் போன் முழுச் சக்தியில் அலறும்போது அளந்தது. நல்ல சிக்னலில் பேசும்போது போன் தன் சக்தியை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கிக்கொள்ளும். லிஃப்ட், அடித்தளம், ஓடும் வண்டி, ஒரே ஒரு கோடு காட்டும் மூலை அறை போன்ற இடங்களில் அதே போன் உச்சச் சக்திக்கு ஏறும். ஆகவே எஸ்.ஏ.ஆர் 0.9 உள்ள போனை வாங்குவதா, 1.2 உள்ளதை வாங்குவதா என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, பிள்ளை எந்த இடத்தில் நின்று பேசுகிறது என்று பார்ப்பது பலமடங்கு பயன் தரும்.

குழந்தைகளின் தலைக்கு ஆற்றல் கூடுதலாகப் போகிறது என்பது உண்மைதான். காதில் வைத்துப் பேசும்போது பெரியவர்களோடு ஒப்பிட்டால் பிள்ளைகளின் மூளைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கும், மண்டையோட்டின் எலும்பு மஜ்ஜைக்குப் பத்து மடங்கு வரையிலும் ஆற்றல் சேரலாம் என்று புற்றுநோய் ஆய்வு முகமை 2011-இல் குறிப்பிட்டது. மண்டையோடு மெல்லியது, மூளை போனுக்குப் பக்கத்தில் இருக்கிறது, இள மஜ்ஜையில் நீர்ச்சத்து அதிகம். அந்த ஆண்டு ரேடியோ அலைகளும் அதே 2பி பிரிவில் சேர்க்கப்பட்டன. பின்னர் 14 நாடுகளில் 10 முதல் 24 வயது வரையுள்ளவர்களை வைத்து நடந்த மோபி-கிட்ஸ் ஆய்வில் செல்போனுக்கும் மூளைக் கட்டிக்கும் காரணத் தொடர்பு இருப்பதற்கான சான்று கிடைக்கவில்லை.

ஹார்மோனுக்கு வருவோம். மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பி மூளையின் அடியில், மண்டையின் நடுவே ஓர் எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. மெலடோனினைச் சுரக்கும் பீனியல் சுரப்பியும் மூளையின் மையத்தில்தான் இருக்கிறது. போனின் அலைகள் சில சென்டிமீட்டர் ஆழம் போவதற்குள்ளேயே பெருமளவு வலுவிழந்துவிடுகின்றன. தொண்டையின் முன்பக்கம், தோலுக்குச் சற்றுக் கீழே இருக்கும் தைராய்டின் நிலைமை வேறு. பல மாடல்களில் முதன்மை ஆன்டெனா போனின் அடிப்பாகத்தில், தாடையை ஒட்டி இருக்கிறது. எனவே தைராய்டைச் சந்தேகிப்பதில் உடற்கூறு ரீதியாக ஓரளவு நியாயம் உண்டு.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? எலிகளின் தைராய்டு ஹார்மோன் குறைந்தது, கூடியது, மாறவில்லை என்று மூன்று விதமாகவும் முடிவுகள் வந்திருக்கின்றன. இந்தக் குழப்பத்துக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அலை ஒரே இடத்தில் படவேண்டும் என்பதற்காகப் பல சோதனைகளில் எலியைக் குறுகிய குழாய்க்குள் அடைக்கிறார்கள். அடைத்தாலே எலிக்கு அழுத்த ஹார்மோன் ஏறிவிடும், அது தைராய்டையும் பாலின ஹார்மோனையும் கீழே தள்ளும். அலை இல்லாமல் வெறுமனே குழாயில் அடைத்த இன்னொரு கூட்டம் இல்லையென்றால், மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல வழியில்லை. சில சோதனைகளில் எலி உண்மையிலேயே சூடாகியிருக்கும். சிலவற்றில் கூண்டுக்குக் கீழே ஒரு செல்போனை வைத்துக் கூப்பிட்டதோடு சரி, எவ்வளவு ஆற்றல் உள்ளே போனது என்ற அளவே இருக்காது.

மனிதர்கள் விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது எகிப்தில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு. ஆறு ஆண்டுக் காலம் பார்த்ததில், போனை அதிகம் பயன்படுத்தியவர்களுக்கும் டவருக்கு அருகில் வசித்தவர்களுக்கும் கார்ட்டிசால் (அழுத்த ஹார்மோன்), தைராய்டு உள்ளிட்ட சில ஹார்மோன்கள் குறைந்ததாக அது சொன்னது. படிக்கும்போது பயமாகத்தான் இருக்கும். ஆனால் அதில் டவரிலிருந்து வீடு எவ்வளவு தூரம் என்பதையே கதிர்வீச்சின் அளவாக எடுத்துக்கொண்டார்கள். தூரத்தை வைத்து அளவைச் சொல்ல முடியாது. டவரின் முதன்மைக் கற்றை லேசாகச் சாய்ந்து தொலைவில் தரையைத் தொடும். நேர் கீழே இருப்பவரைவிடச் சற்றுத் தள்ளி இருப்பவருக்குக் கூடுதலாகவும் படலாம். போனை அதிகம் பயன்படுத்துபவர் எத்தனை மணிக்குத் தூங்கினார் என்பதையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். தூக்கம் குறைந்தாலே இதே ஹார்மோன்கள் ஆட்டம் காணும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் அளவு புரியும். 0.1 வாட் சக்தியில் இடைவிடாமல் வீசும் ஒரு ரௌட்டரிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கிடைப்பது சதுர மீட்டருக்கு 0.008 வாட். பன்னாட்டு வரம்பு 10 வாட். அதாவது ஆயிரத்து இருநூறு மடங்குக்கு மேல் குறைவு. மூன்று மீட்டரில் அதிலும் ஒன்பதில் ஒரு பங்குதான். ரௌட்டர் உண்மையில் இடைவிடாமல் வீசுவதும் இல்லை, துண்டுதுண்டாகத்தான் அனுப்பும். பிள்ளையின் உடல் ஒரு நாளில் வாங்கும் ரேடியோ ஆற்றலில் பெரும்பகுதி அதன் சொந்தப் போனிலிருந்து, அதுவும் உடலோடு ஒட்டிப் பேசும் நிமிடங்களில்தான் வருகிறது.

ஹார்மோனை நிச்சயமாக மாற்றும் அலை

கண்ணால் பார்க்கும் வெளிச்சமும் மின்காந்த அலைதான். நீல ஒளியின் ஒரு துகளில் உள்ள ஆற்றல் வைஃபை அலையின் ஒரு துகளைவிட ஏறத்தாழ 2,60,000 மடங்கு. அதைப் பிடிப்பதற்கென்றே உடலில் ஓர் ஏற்பாடும் இருக்கிறது. விழித்திரையில் பார்ப்பதற்கான செல்களோடு, மெலனாப்சின் என்ற புரதம் கொண்ட தனி வகை நரம்பு செல்களும் உள்ளன. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளி பட்டால் அவை அதிகமாகத் தூண்டப்படும். அங்கிருந்து செய்தி மூளையின் அடிப்பகுதியான ஹைபோதலாமஸில் உள்ள உடல் கடிகாரத்துக்குப் போகிறது. ‘இன்னும் பகல்தான்’ என்று அது முடிவு செய்தால் பீனியல் சுரப்பி மெலடோனினை நிறுத்திவைக்கும்.

இந்த வழியில் பிள்ளைகள் பெரியவர்களைவிட மிகவும் மென்மையானவர்கள். கண்மணி பெரிதாக விரிகிறது, கண்ணின் வில்லை கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கிறது, ஆகவே நீல ஒளி தடையில்லாமல் உள்ளே போகிறது. ஜப்பானில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே இரவு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், பிள்ளைகளின் மெலடோனின் ஏறத்தாழ இரு மடங்கு அதிகமாக ஒடுங்கியது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குத் தூங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம் 1000 லக்ஸ் (விழும் ஒளியை அளக்கும் அலகு) வெளிச்சம் காட்டினார்கள். மெலடோனின் 88 சதவீதம் போல விழுந்தது. விளக்கை மங்கலாக்கி 50 நிமிடம் ஆன பிறகும் பெரும்பாலானவர்களுக்கு அது மீளவில்லை. அதே குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், வெறும் 5 முதல் 40 லக்ஸ் வெளிச்சமே சராசரியாக 78 சதவீதம் ஒடுக்கியது.

40 லக்ஸ் என்பது எவ்வளவு? விளக்கை அணைத்த அறையில், ஒருக்களித்துப் படுத்து, போனை மூக்குக்கு முன்னால் பிடித்திருக்கும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். திரை 7 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரம். முகத்திலிருந்து 25 செ.மீ. தூரம். வெள்ளைப் பக்கம் 400 நிட்ஸ் பிரகாசத்தில் எரிந்தால் கண்ணில் விழுவது 65 லக்ஸ்போல. பிரகாசத்தை 100 நிட்ஸுக்கு இறக்கினால் 17 லக்ஸ். அதே 100 நிட்ஸில் போனை 50 செ.மீ. தள்ளிவைத்தால் 4 லக்ஸ். மூன்று மீட்டர் தள்ளி உள்ள 55 இஞ்ச் டிவி, சராசரி 100 நிட்ஸில் ஓடினால் 9 லக்ஸ்போலத் தரும். சின்னத் திரை என்று நினைத்துக் கையில் கொடுக்கும் போன், கூடத்தில் ஓடும் பெரிய டிவியைவிடக் கண்ணுக்கு அதிக ஒளியைக் கொட்டுவது தூரத்தால்தான். அதே நேரம், அறையில் எரியும் வெள்ளை எல்இடி விளக்கு கண்ணளவில் சுலபமாக 50 லக்ஸைத் தாண்டும். போனைப் பிடுங்கி வைத்துவிட்டு ட்யூப்லைட்டைப் பத்து மணிவரை எரியவிட்டால் பாதிக் காரியம்தான் ஆகும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

2015-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இளைஞர்கள் பன்னிரண்டு பேர் படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிரும் திரையில் படித்தார்கள். அச்சுப் புத்தகம் படித்த நாட்களோடு ஒப்பிட்டபோது, அவர்களின் மெலடோனின் சுரப்பு மறுநாள் ஒன்றரை மணி நேரம் பின்தள்ளிப் போயிருந்தது. பதின்வயதில் இது இன்னும் கடுமையாகக் கடிக்கிறது. பூப்பு வரும்போது உடல் கடிகாரமே தானாக ஒன்றிரண்டு மணி நேரம் பின்னோக்கிச் சரிகிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பதரை மணிக்குத் தூக்கம் வராதது சோம்பலோ பிடிவாதமோ இல்லை. அந்தச் சரிவின் மேல் திரை வெளிச்சமும் ஏறினால் தூக்கம் நள்ளிரவைத் தாண்டுகிறது. பள்ளி மணி மட்டும் நகர்வதே இல்லை.

தூக்கம் சுருங்கினால் ஹார்மோன்களுக்கு என்ன ஆகிறது என்பதுதான் இதில் மையம். வளர்ச்சி ஹார்மோனின் பெரிய அலை, தூங்கத் தொடங்கியதும் வரும் முதல் ஆழ்ந்த உறக்கத்தில் எழுகிறது. பூப்பின் தொடக்கத்தில், பிட்யூட்டரியிலிருந்து வந்து பாலின உறுப்புகளைத் தூண்டும் எல்.ஹெச் ஹார்மோனின் துடிப்புகள் முதலில் தூக்கத்தின்போதுதான் வலுப்பெறுகின்றன. கார்ட்டிசால் முன்னிரவில் தாழ்ந்து விடியலில் ஏற வேண்டும். பெரியவர்களிடம் இதை அளந்திருக்கிறார்கள். ஆறு இரவுகள் தலா நான்கு மணி நேரம் மட்டும் படுக்கவிட்ட இளைஞர்களுக்கு மாலைக் கார்ட்டிசால் உயர்ந்தது, சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்தது. இன்னொரு சோதனையில் இரண்டு இரவு நான்கு மணி நேரத் தூக்கத்துக்குப் பின், ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்து, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது. எட்டு இரவுகள் ஐந்து மணி நேரம் தூங்கிய இளைஞர்களின் பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் இறங்கியது. 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை.

சீக்கிரம் பூப்பெய்துவதற்கு இதுவா காரணம்?

பெண் குழந்தைகளுக்கு மார்பு வளர்ச்சி தொடங்கும் வயது 1977-க்கும் 2013-க்கும் இடையே பத்தாண்டுக்கு ஏறத்தாழ மூன்று மாதம் வீதம் முன்னால் வந்திருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்த 2020-ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. இந்த நகர்வு ஸ்மார்ட்போன் வருவதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உடல் பருமனோடு இதற்குள்ள தொடர்பு நன்றாகத் தெரிந்தது. கொழுப்புத் திசு கூடினால் லெப்டின் கூடும், லெப்டின் ஹைபோதலாமஸுக்கு ‘உடல் தயார்’ என்று சொல்லும்.

மெலடோனின் பூப்பைத் தடுத்துவைக்கிறது என்ற எண்ணம் பழையது. பீனியல் பகுதியில் கட்டி வந்த ஒரு சிறுவனுக்கு நாலைந்து வயதிலேயே பருவ மாற்றங்கள் வந்ததை ஜெர்மன் குழந்தை மருத்துவர் ஓட்டோ ஹியூப்னர் 1898-இல் விவரித்தார். பிற்காலத்தில் அத்தகைய கட்டிகள் சில தாமாகவே பாலின உறுப்புகளைத் தூண்டும் ஹார்மோனைச் சுரப்பது தெரியவந்ததால் அந்த விளக்கம் தளர்ந்தது. வயது ஏற ஏற இரத்தத்தில் இரவு மெலடோனின் குறைவதும் உண்மை. சுரப்பு அதே அளவில் இருக்க உடல் பெரிதாவது அதற்கு ஒரு பெரிய காரணம்.

2020 ஊரடங்கின்போது இத்தாலியிலும் வேறு சில நாடுகளிலும் முன்கூட்டிய பூப்புக்காக மருத்துவமனைக்கு வந்த சிறுமிகளின் எண்ணிக்கை கூடியது. திரை நேரம் கூடியிருந்தது, எடை ஏறியிருந்தது, ஓட்டம் குறைந்திருந்தது, மனஅழுத்தமும் இருந்தது. இதில் எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. அடுத்து, 2022-இல் ரோமில் நடந்த ஐரோப்பியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் மாநாட்டில், நீல ஒளியில் தினமும் 6 அல்லது 12 மணி நேரம் இருந்த பெண் எலிகள் சீக்கிரம் பருவமடைந்ததாகத் துருக்கி ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். மொத்தம் 18 எலிகள். எலி இரவில் விழித்திருக்கும் விலங்கு, வெளிச்சத்தை அது வேறுவிதமாகப் பார்க்கும். ‘செல்போன் பார்த்தால் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவாள்’ என்று அதிலிருந்து தலைப்புப் போடுவது நியாயமில்லை. குற்றஉணர்ச்சியோடு உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் செய்ய வேண்டியது

ராத்திரி ஏற்பாட்டில் தொடங்குங்கள். பிள்ளை ஒன்பதரைக்குத் தூங்க வேண்டும் என்றால் எட்டரைக்குள் போன் படுக்கையறையை விட்டு வெளியே போய்விட வேண்டும். சார்ஜர் வேறு அறையில் இருந்தால் இது தினசரிச் சண்டையாக மாறாது. ‘அலாரத்துக்கு வேண்டும்’ என்பதுதான் வழக்கமான சாக்கு. ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் அதைத் தீர்க்கும். போன் அறையில் இருந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் ஏர்பிளேன் மோடில் போட்டு, கை எட்டாத தூரத்தில், திரை கீழே பார்க்க வையுங்கள். தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும் போனின் சூடு வெளியேற வழியில்லாமல் பேட்டரி கெட்டுத் தீப்பிடிக்கும் ஆபத்து, அலையைப் பற்றிய எந்தக் கணக்கையும்விட நேரடியானது.

கடைசி இரண்டு மணி நேரம் கூரை விளக்கை அணைத்துவிட்டு, கண்மட்டத்துக்குக் கீழே மஞ்சள் நிறச் சிறு விளக்கைப் போடுங்கள். வாங்கும்போது ஒளியின் நிறத்தைக் குறிக்கும் எண் 2700 கெல்வின் அல்லது அதற்குக் குறைவாக உள்ளதைப் பாருங்கள். ஒளி ஆய்வாளர்கள் 2022-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு இது: பகலில் கண்ணில் குறைந்தது 250, படுப்பதற்கு முந்தைய மூன்று மணி நேரம் 10-க்கு மிகாமல், தூங்கும்போது 1-க்கு மிகாமல். இவை நீல உணர்வுக்கேற்பக் கணக்கிட்ட லக்ஸ். பிள்ளைகளுக்கு இதைவிடக் கறாராக இருக்கலாம். பகல் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். காலையில் அரை மணி நேரம் திறந்த வெளியில் நடந்தால், மேகமூட்டமான நாளிலும் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அது கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். பகல் முழுக்க மங்கிய அறையில் இருந்த கண் இரவு வெளிச்சத்துக்கு இன்னும் அதிகமாக மசிந்துவிடும்.

போனின் ‘நைட் மோடு’ திரையை மஞ்சளாக்கும். அதை மட்டும் போட்டுவிட்டுப் பிரகாசத்தை முழுக்க வைத்திருந்தால் பெரிய பலன் இல்லை. பிரகாசத்தைப் பாதிக்கும் கீழே இறக்குவது, தள்ளிப் பிடிப்பது, கறுப்புப் பின்னணி வைப்பது ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் அதற்கு மதிப்பு. மேலும், விளையாட்டும் சாட்டிங்கும் மனதைக் கிளறி விழிக்கவைப்பதை எந்த நிறமாற்றமும் சரிசெய்யாது.

ரேடியோ அலையைக் குறைப்பது இன்னும் சுலபம். ஸ்பீக்கரில் போட்டு 20 செ.மீ. தள்ளி வைத்தாலே தலைக்குப் போவது சொற்பமாகிவிடும். ஒயர் இயர்போனும் நல்லதே. புளூடூத் இயர்போன் சில மில்லிவாட்டுக்குள்தான் வீசுகிறது, உச்சத்தில் 200 மில்லிவாட் வரை போகும் போனைக் காதில் வைப்பதைவிட அது எவ்வளவோ மேல். சிக்னல் பலவீனமான இடத்தில் நீண்ட பேச்சு வேண்டாம். படம் பார்ப்பதென்றால் முன்பே டவுன்லோட் செய்து ஏர்பிளேன் மோடில் பார்க்கலாம். கைக்குழந்தையின் கையில் பொம்மையாகப் போனைக் கொடுக்கும்போதும் அதே மோடு. ரௌட்டரைத் தொட்டிலுக்கு மேலே மாட்டாமல் ஓரிரு மீட்டர் தள்ளி வைத்தால் போதும்.

‘கதிர்வீச்சுத் தடுப்பு’ ஸ்டிக்கர், சிப், தகடு என்று விற்பவற்றை வாங்காதீர்கள். அலையை உண்மையிலேயே தடுக்காத பொருள் வீண். தடுக்கும் பொருள் இன்னும் மோசம், ஏனென்றால் ஆன்டெனா மறைக்கப்பட்டதும் டவரை எட்டுவதற்காகப் போன் சக்தியைக் கூட்டும். விலை மலிவான அளவைக் கருவிகளிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே திசையில் மட்டும் உணரும் கருவியைத் திருப்பத் திருப்ப எண் மாறும். மூன்று திசைகளில் தனித்தனியாக அளந்து, மூன்றின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் கருவி வைஃபையை அளக்காது. வைஃபையின் துண்டுதுண்டான வீச்சில் ஒரு கண உச்சத்தைப் பிடித்து அதையே சராசரி என்று காட்டும் கருவிகளும் உண்டு. அளப்பதென்றால் பிள்ளை பல மணி நேரம் இருக்கும் இடத்தில், தலையணை உயரத்தில் அளக்க வேண்டும்.

எப்போது மருத்துவரிடம்

பெண் குழந்தைக்கு 8 வயதுக்கு முன் மார்பு வளர்ச்சி, ஆண் குழந்தைக்கு 9 வயதுக்கு முன் விதை வளர்ச்சி தொடங்கினால் குழந்தைகளுக்கான ஹார்மோன் நிபுணரைப் பார்க்க வேண்டும். அதேபோல் பெண்ணுக்கு 13 வரை மார்பு வளர்ச்சியோ, பையனுக்கு 14 வரை விதை வளர்ச்சியோ இல்லாவிட்டாலும். திடீரென வளர்த்தி எகிறுவது அல்லது நின்றுபோவது, தீராத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத எடை மாற்றம், விடாத தலைவலியோடு பார்வை மங்கல் இவற்றுக்கு வயதுக் கணக்கே கிடையாது. உடனே போக வேண்டும். வைஃபையை அணைத்துப் பார்க்கிறோம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் இதில் நடக்கும் மிகப் பெரிய கேடு. எலும்பு முதிர்ந்துவிட்டால் இழந்த உயரம் திரும்பாது.

மருத்துவர் பெரும்பாலும் இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார். தேவைப்பட்டால் எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச், ஈஸ்ட்ரடயால் அல்லது டெஸ்டோஸ்டிரோன், டி.எஸ்.ஹெச் ஆகியவற்றைச் சோதிப்பார். மெலடோனின் அளவுக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பதில் பயனில்லை. அது மணிக்கு மணி மாறும், பரிசோதனை அறையின் விளக்கே அதை அமுக்கிவிடும்.

தூக்கம் வரவில்லை என்று மெலடோனின் மிட்டாய்களைத் தாங்களாகவே கொடுக்கும் பழக்கம் பல நாடுகளில் பரவுகிறது. அமெரிக்காவில் விற்ற 25 மிட்டாய்த் தயாரிப்புகளைச் சோதித்த 2023-ஆம் ஆண்டு ஆய்வில், ஒன்றில் மெலடோனினே இல்லை, மற்றவற்றில் லேபிளில் எழுதியிருந்ததில் 74 சதவீதத்திலிருந்து 347 சதவீதம் வரை இருந்தது. பருவ மாற்றத்தின் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு இப்படி ஒரு ஹார்மோனை அளவு தெரியாமல் கொடுப்பதை நாங்கள் கடுமையாக எதிர்க்கிறோம். மருத்துவர் எழுதினால் மட்டும், அவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு ஒன்றை எடுத்துப் போனால் அவருக்கு மிகவும் உதவும். எத்தனை மணிக்குத் திரையை வைத்தது, விளக்கு அணைந்தது எப்போது, தூங்கியது, இடையில் விழித்தது, எழுந்தது, விடுமுறை நாளில் எத்தனை மணிவரை தூங்கியது என்று தினமும் ஒரு வரி. அத்துடன் கடந்த மூன்று நான்கு ஆண்டுகளின் உயரமும் எடையும், பெற்றோர் எந்த வயதில் பருவமடைந்தார்கள் என்பதும்.